தூங்காதவன் கட்டிய தாலாட்டு

கடல் இப்போது நிற்கிற இடத்துக்கு ஒரு காத தூரம் அப்பால் நின்ற காலம் அது. அந்தக் கடலோரத்தில் ஒரு நாடு. நாட்டுக்கு ஓர் அரசன். அரசனைப் பற்றி நமக்கு அதிகம் வேண்டாம். அவன் பிள்ளை ஒன்று போதும் இந்தக் கதைக்கு. கேளுங்கள்.

அந்த நாட்டில் அந்துவன் என்று ஒருவன் இருந்தான். தாலாட்டுக் கட்டுவது அவன் தொழில். பிள்ளை பிறந்த வீட்டார் அவனைத் தேடி வருவார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள், பாட்டன் பெருமையைச் சொல்வார்கள், மாமன் என்ன சீர் கொண்டுவந்தான் என்பதைச் சொல்வார்கள். அந்துவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டுமே பொருந்துகிற தாலாட்டு ஒன்றைக் கட்டித் தருவான். நெல்லோ துணியோ ஆட்டுக்குட்டியோ கொடுத்துவிட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டே போவார்கள். நாட்டில் பாதித் தொட்டில் அவன் சொல்லில்தான் ஆடியது.

அவன் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் அவன்தான். அவனுடைய அப்பா உப்பளத்தில் உப்பு வாரினவர். அவருக்கு அப்பாவும் அப்படியே. அந்துவனின் அக்காள் வடிவி இன்றும் அதே பாத்தியில்தான் இறங்குகிறாள். அந்துவன் ஒருவன்தான் நிழலுக்கு வந்தவன்.

தச்சனுக்கு அமாவாசை உண்டு. அன்று உளியைத் தொட மாட்டான். செக்காட்டுகிறவனுக்கு மாடு உண்டு. மாடு களைத்து நின்றால் அவனும் நிற்பான். மீன் பிடிக்கிறவனுக்குக் கடல் உண்டு. கடல் வேண்டாம் என்றால் அவன் வீட்டில் கிடப்பான். அந்துவனுக்குப் போதும் என்று சொல்ல அமாவாசையும் இல்லை, மாடும் இல்லை, கடலும் இல்லை.

"உனக்கென்னப்பா, உனக்கு மேலே ஆள் கிடையாது. நினைத்தால் வேலை, நினைத்தால் ஓய்வு" என்று ஊரார் சொல்வார்கள்.

அது பாதி உண்மை. அவனுக்கு மேலே ஆள் இல்லை. உள்ளே இருந்தான். அந்த உள்ளே இருக்கிறவன் கோலை எடுத்து அடிக்க மாட்டான், வைய மாட்டான். அந்துவன் காலை நீட்டி உட்காரும்போதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை சொல்வான்: "உன் அப்பன் வெயிலில் நின்றான்." அவ்வளவுதான். அந்துவன் காலை மடக்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஓய்வு வேறா என்று அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் அந்துவனின் மனத்தில் அவர் முழங்கால் அளவு உப்புநீரில், தலைக்கு மேல் சூரியனோடு, குனிந்தபடியே இருந்தார். அவன் ஒருநாளும் அவரை வேறு விதமாக நினைத்துப் பார்த்ததில்லை.

அவன் மனைவி வெண்ணி பொறுமைசாலி. அவர்களுக்கு நீலி என்று ஒரு சிறுமி. வெண்ணி தை மாதத்தில் கேட்டாள்: "ஒருநாள் ஆற்றுமுகம் போய்விட்டு வரலாமா? பிள்ளை தண்ணீரைப் பார்க்கட்டும்."

"கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போகலாம்" என்றான்.

சித்திரையில் கேட்டாள். "கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டுப் போகலாம்" என்றான்.

ஆடியில் கேட்டாள். இந்த முறை அவன் மறுக்கவில்லை; போனார்கள். நீலி தண்ணீரில் இறங்கி விளையாடினாள். அந்துவன் கரையில் உட்கார்ந்தான். யாரோ ஒருவர் இந்நேரம் வீட்டு வாசலுக்கு வந்து, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போவதாக அவனுக்குத் தோன்றியது. அப்படி யாரும் வந்திருக்கவில்லை. ஆனால் உச்சிவேளைக்குள் மூவரும் வீடு திரும்பிவிட்டார்கள். ஈரத் துணியோடு நீலி வழியெல்லாம் அழுதாள். அன்று விட்ட வேலைக்கு அபராதம் போல, மறுநாள் அவன் இரண்டு மடங்கு வேலை செய்தான்.

வெண்ணி சொன்னாள்: "இந்த நாட்டில் பிள்ளை பிறப்பது நின்றால்தான் நீங்கள் ஓய்வீர்கள். அதற்கு நான் யார் யாரிடம் போய்ச் சொல்வது?"

அந்துவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டை யோசித்தான்.

இப்படி இருக்கையில் அரசனுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த நாள் முதல் அது சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடும், உடனே திடுக்கிட்டு விழிக்கும், வீறிடும். மருத்துவர்கள் வசம்பு உரைத்தார்கள். மந்திரிப்பவர்கள் கயிறு கட்டினார்கள். பாடகர்கள் வரிசையாக வந்து பாடினார்கள். பிள்ளை மெலிந்துகொண்டே போனது.

பிள்ளையை வளர்த்த செவிலியின் பெயர் பூவி. அவளும் தூங்கி வெகுநாள் ஆயிற்று. அவள் அரசனிடம் ஒளிக்காமல் சொன்னாள்: "அரசே, பிள்ளைக்கு நோவு இல்லை. இங்கே பாட வருகிறவர்கள் எல்லாரும் பரிசை நினைத்துக்கொண்டு ஓடோடி வருகிறார்கள். குரலில் மூச்சிரைக்கிறது. அதைக் கேட்டால் எனக்கே தூக்கம் போகிறது, பிள்ளைக்குப் போகாதா? பாடுகிறவர் மூன்று நாள் இங்கே சும்மா இருக்கட்டும். உண்ணட்டும், உறங்கட்டும், வேலை ஒன்றும் செய்ய வேண்டாம். அதன்பிறகு பாடட்டும்."

அரசன் அப்படியே பறையறைவித்தான். எவன் பாட்டில் பிள்ளை தூங்குகிறதோ, அவன் வீட்டுக்கு அவன் உயிர் உள்ளவரை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் வரும்.

அந்துவன் அதைக் கேட்டு வந்து வெண்ணியிடம் சொன்னான்: "இது மட்டும் கிடைத்துவிட்டால் பயம் போய்விடும். நாளைக்கு என்ன என்ற நினைப்பே வேண்டாம். அப்புறம் ஓய்வுதான்."

வெண்ணி அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அப்புறம் என்ன அப்புறம்? அந்த மூன்று நாளே ஓய்வுதானே. அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். நெல் வராவிட்டால் போகிறது" என்றாள். பிறகு, நீலியைக் கூட்டிக்கொண்டு நாத்தனார் வடிவி வீட்டில் இருப்பதாகவும், திரும்பும்போது நேரே அங்கே வந்துவிடும்படியும் சொன்னாள்.

அரண்மனைத் தோட்டத்து மண்டபத்தில் அவனோடு தங்கியவன் பிட்டன் என்கிற இன்னொரு பாட்டுக்காரன். அவன் கட்டுகிற பாட்டு ஒவ்வொன்றும் போன பாட்டைப் போலவே இருக்கும். ஆனால் பார்த்த உடனே எவருக்கும் அவனைப் பிடித்துப்போகும். வந்ததும் அவன் பாயை விரித்தான். "அண்ணே, சும்மா இருப்பதற்குச் சோறு போடுகிற அரசனை என் பரம்பரையில் யாரும் கண்டதில்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

முதல் நாள் அந்துவனும் படுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள்ளே இளவரசனுக்கான தாலாட்டைக் கட்டத் தொடங்கினான். யாருக்குத் தெரியப்போகிறது? சாயங்காலம் எழுந்தபோது பிட்டன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்கள் தூங்கவில்லை."

"தூங்கினேனே."

"தூங்குகிறவன் நெற்றி சுருங்காது அண்ணே. நீங்கள் கடன்காரனுக்குப் பதில் சொல்கிறவர் மாதிரி படுத்திருந்தீர்கள்."

இரண்டாம் நாள் அந்துவன் தோட்டத்தில் உலாவினான். உலாவும்போதே கால் கட்டைவிரலால் மணலில் தாளத்துக்குக் கோடு இழுத்துப் பார்த்தான். இந்த அடியில் ஒரு சீர் கூடுதல், அந்த அடியில் ஒன்று குறைவு. பூவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்ன செய்கிறீர்?"

"காற்று வாங்குகிறேன்" என்று சொல்லி, காலால் மணலைத் துடைத்தான்.

அந்த மண்டபத்துக்கு வருமுன் அந்துவன் யாரிடமும் பொய் சொன்னதில்லை. தன் வாழ்நாளின் முதல் பொய்களை, வேலை செய்ததை மறைக்கச் சொன்னான். சோம்பலை மறைக்கப் பொய் சொல்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவன் நிலைமை அதையும்விடக் கேவலமானது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

மூன்றாம் நாள் பிட்டன் குளத்து மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தான். அந்துவன் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் இருக்க முயன்றான். உண்மையாகவே முயன்றான். கையைக் கட்டிக்கொண்டான். மூச்சை எண்ணாமல் விட்டான். நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. ஏதோ திருடிவிட்டு ஒளிந்திருப்பவன் நெஞ்சு மாதிரி. "உன் அப்பன் வெயிலில் நின்றான்" என்றான் உள்ளே இருப்பவன். வெளியே வெயிலும் அப்படித்தான் கொளுத்தியது.

அப்போது அரண்மனைச் சமையல்காரி சன்னலோரம் வந்து மெல்லக் கூப்பிட்டாள். "ஐயா, என் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. நீங்கள் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது கேட்கக் கூடாதுதான்."

கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். அவன் தலையை அசைத்திருந்தால் போதும், போயிருப்பாள்.

"பிள்ளைக்கு என்ன பெயர் அம்மா?" என்று கேட்டான் அந்துவன்.

பெயரைக் கேட்டதும் அவன் நெஞ்சு அடங்கியது. மூன்று நாளில் அவனுக்கு இதமாக இருந்தது அந்த ஒரு நாழிகைதான். இதை நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ முறை அழுதிருக்கிறான்.

மறுநாள் பகல் உணவுக்குப் பிறகு இருவரையும் அழைத்தார்கள். அரசனும் அரசியும் இருந்தார்கள். அமைச்சர்கள் இருந்தார்கள். தொட்டிலை ஆட்டியபடி பூவி நின்றாள்.

அந்துவன் முதலில் பாடினான்.

"கடல் புரள வேண்டுமென்று கரையெடுத்துத் தொட்டில் செய்தார்,
முகில் புரள வேண்டுமென்று மலைமடியில் மெத்தை செய்தார்,
நீ புரள என்ன செய்தார், நெடுநாட்டுத் திருமகனே?
நெஞ்செடுத்து விரித்துவைத்தார், நித்திரை நீ கொள்ளாயோ?"

அப்படி ஒரு பாட்டை அந்த நாடு அதற்கு முன் கேட்டதில்லை. அரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூங்கி வழிந்த அமைச்சர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளையும் கேட்டது. அகல விழித்துக் கேட்டது. பாட்டு ஏற ஏற அதன் சின்னக் கைகள் இறுகின. அந்துவனின் நெற்றி சுருங்கியது போலவே அதன் நெற்றியும் சுருங்கியது. கடைசி அடி முடிந்ததும் பிள்ளை வீறிட்டது.

பிட்டன் வந்தான். எல்லாரையும் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். பிறகு தொட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"காக்கை தூங்கியாச்சு, கன்றுக்குட்டி தூங்கியாச்சு,
கழனி தூங்கியாச்சு..."

அடுத்த அடி வருமுன் அவனுக்குக் கொட்டாவி வந்தது. பெரிய கொட்டாவி. தாடை விரிய, கண்ணில் நீர் வர, அவசரமே இல்லாத கொட்டாவி. அதைப் பார்த்துப் பூவி கொட்டாவி விட்டாள். பூவியைப் பார்த்துப் பிள்ளை கொட்டாவி விட்டது. பிட்டன் விட்ட இடத்தை மறந்துவிட்டு மறுபடியும் காக்கையிலிருந்து தொடங்கினான். பிள்ளை தூங்கிப்போனது. தொட்டிலில் தலை சாய்த்துப் பூவி தூங்கினாள். அரசனும் அரசியும் தூங்கினார்கள், அமைச்சர்கள் தூங்கினார்கள், ஈட்டியைப் பிடித்தபடியே காவலர்கள் தூங்கினார்கள். பாடிக்கொண்டிருந்த பிட்டனும் தூங்கிவிட்டான்.

அந்தப் பெரிய சபையில் விழித்திருந்தவன் அந்துவன் ஒருவன்தான். அவனுக்குப் பொறாமை வரவில்லை. கொட்டாவி வருமா என்று வாயைத் திறந்து பார்த்தான். வரவில்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகளைத் தூங்க வைத்தோம், அத்தனை பேரும் தூங்கியது பாட்டாலா, அல்லது பாடிய தாய்மாரின் அலுப்பாலா என்று அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாக யோசித்தான். அந்தக் கேள்வியை அவன் யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அரசன் விழித்ததும் பிட்டனுக்கு நெல் எழுதிக்கொடுத்தான். அந்துவனுக்கு ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தி, "உம் பாட்டுதான் பாட்டு" என்றான். அந்துவன் அதை மடித்து எடுத்துக்கொண்டு கடலோரம் நடந்தான்.

மறுநாள் பகலில் அக்காள் வீட்டை அவன் அடையும்போது மழை தொடங்கிவிட்டது. ஐப்பசியின் முதல் பெருமழை. உப்பளப் பாத்திகள் கண்ணெதிரே நிரம்பி ஒரே ஏரியாயின. வடிவி உப்பு வாருகிற பலகையைக் கழுவிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடா தம்பி. நெல் கிடைத்ததா?"

"இல்லை அக்கா."

"போகட்டும். கஞ்சி இருக்கிறது. குடித்துவிட்டுப் படு. நாங்கள் எல்லாரும் படுக்கத்தான் போகிறோம்."

"பகலிலா?"

"மழைக்காலத்தில் பாத்தி முழுகின பிறகு இங்கே வேறு என்னடா வேலை? கார்த்திகை, மார்கழி தாண்டித் தண்ணீர் வற்றும்வரை படுக்கைதான். வயிறு கொஞ்சம் காயும். ஆனால் தூக்கத்துக்குக் குறைவில்லை."

அந்துவன் நனைந்தபடியே நின்றான். "அப்பாவுமா?"

வடிவி சிரித்துவிட்டாள். "அப்பாவா? மழை பெய்தால் அவரை எழுப்ப ஆள் பிறக்கவில்லையே. மல்லாந்து படுத்தார் என்றால் குறட்டையில் கூரை ஓலை ஆடும். அம்மா உலக்கையால் தரையில் தட்டுவாள். அப்போதும் எழ மாட்டார். எழுந்தால் கதை சொல்வார், தாயம் ஆடுவார், தோற்றால் காயைக் கலைத்துவிடுவார். உனக்கு ஞாபகமே இல்லையா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. ஏன் இல்லை என்பது அடுத்த நொடியே விளங்கியது. மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பு சரியாக எரியாது. ஆகவே ஒவ்வோர் ஐப்பசியிலும் அவனை உள்நாட்டில் இருந்த ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எழுத்தும் கிடைக்கும், சோறும் கிடைக்கும். வெயில் ஏறி உப்பு விளையும்போது, கைக்கு ஆள் வேண்டும் என்று திரும்ப அழைத்துக்கொள்வார்கள். படித்த பிள்ளை அவன் ஒருவன்தான். ஆகையால் அப்பா ஓய்ந்திருந்ததைப் பார்க்காத பிள்ளையும் அவன் ஒருவன்தான். வெயிலில் நின்ற அப்பாவை மட்டும் பார்த்துவிட்டு, அதுதான் அப்பா என்று இத்தனை காலம் சுமந்திருக்கிறான்.

இதைக் கேட்கிற உங்களுக்கு, இனி அவன் தப்பித்தான் என்று தோன்றும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. கஞ்சி குடித்தான். பாயில் படுத்தான். அக்காள் ஒரு பக்கம், அவள் புருஷன் ஒரு பக்கம், வெண்ணி ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய மூச்சும் மழையோடு கலந்துவிட்டது. அப்பாவும் இப்படித்தான் கிடந்தார், நானும் கிடக்கலாம் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

உள்ளே இருப்பவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு வேறு வார்த்தை கண்டுபிடித்தான். "அவர் வெயிலில் நின்றதால் மழையில் படுத்தார். நீ எந்த வெயிலில் நின்றாய்?" அதற்கு அந்துவன் பதில் தேடுவதற்குள் இன்னொரு வார்த்தை. அதற்குப் பின் இன்னொன்று. உள்ளே இருப்பவனுக்கு அப்பாவே தேவைப்படவில்லை. இத்தனை காலமும் தேவைப்பட்டதில்லை.

வெண்ணி விழித்து, தூக்கம் கலைந்த நீலியை அவன் மார்பில் கிடத்தினாள். "இங்கே படுத்துக்கொள் கண்ணு. அப்பா இன்றைக்குச் சும்மாதான் இருக்கிறார்."

நீலி அவன் மார்பில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவன் அவள் முதுகில் கையை வைத்தான். மழை பெய்தது. பிறகு தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நீ வேலை செய்கிறாய்."

"இல்லையே கண்ணு."

"விரல் தட்டுகிறது."

அவன் தன் கையைப் பார்த்தான். அது அவள் முதுகில் தாளம் எண்ணிக்கொண்டிருந்தது. நிறுத்தினான். நிறுத்தியதும் மறுகை பாயில் தட்டத் தொடங்கியது.

நீலி கோபப்படவில்லை. மெல்ல இறங்கி, தூங்குகிறவர்களைத் தாண்டிப் போய், வடிவி அத்தையின் வயிற்றருகே சுருண்டு படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

மழை மார்கழிவரை பெய்தது.

கதை கேட்டவர்களே, இதன் நீதி இதுதான்: ஓய்வைக் குற்றமாக எண்ணிப் பழகியவனுக்கு அது கைக்கு வரும் நாளில் வாங்கிக்கொள்ளக் கை வராது, ஆகையால் உழைக்கக் கற்கும்போதே ஓயவும் கற்றுக்கொள்ள வேண்டும்.